உடைக்கவா, வைக்கவா

போன வாரம் பபேடான் கடைத்தெருவில் தேங்காய் வாங்க நின்றேன். கடைக்காரர் நிமிராமலே கேட்டார்: "அக்கா, ஒடைக்கவா, வைக்கவா?"

யாங்கோனில் இது சாதாரணக் கேள்விதான். நம் கோயிலுக்கு என்றால் உடைக்க. 'நாட்' என்று பர்மியர்கள் கும்பிடும் ஆவிகளுக்கு என்றால், காம்போடு முழுசாக வைக்க. நான் ஒரு காயைக் கையில் எடுத்தேன். நார் வாசனை மூக்கில் ஏறியதும் பள்ளிக்கூடத்து மரப்படிகள் ஞாபகம் வந்துவிட்டன.

தொண்ணூறுகளில் நான் படித்த அரசாங்கக் கலைப்பள்ளி அது. ஆட்டம், இசை, பொம்மலாட்டம், ஓவியம் எல்லாம் ஒரே பழைய மரவீட்டுக்குள். பரீட்சை வைத்துப் பொறுக்கித்தான் எடுப்பார்கள். வாய் திறக்க வேண்டாமே என்று நான் ஓவியத்தில் சேர்ந்தேன். எங்கள் தெரு ராணி ஆட்டத்தில். பள்ளியில் அவளுக்குப் பர்மியப் பெயர், மா தின்.

மாடியில் பொம்மைகள் நூலோடு தொங்கும். அரக்கர்கள் ஒரு சுவரில், அரசர்கள் எதிர்ச் சுவரில். சேர்த்து மாட்டினால் சண்டை போடுமாம். காற்றே இல்லாத மத்தியானங்களிலும் ஏதாவது ஒரு மரக்கை அசையும். நான் தலைதூக்காமல் பூசணிக்காய் வரைவேன். இன்றும் எனக்குப் பூசணி நன்றாக வரும்.

கடைசி வருடம், நாடகக் குழுவுக்கு ஒரே ஒரு பெண்ணை எடுப்பதாகச் சொன்னார்கள். நூல்பொம்மை போல ஆடிக்காட்ட வேண்டும். ராணிக்குக் கை வந்தது, கண் வரவில்லை. "ஒடம்பு பொம்ம, கண்ணு மட்டும் பொண்ணு" என்று சயாமா, அதாவது ஆசிரியை, திட்டிக்கொண்டே இருப்பார்.

தேர்வு நாளில் ராணியின் அம்மாவும் வந்தாள். நான் அவளை அத்தை என்பேன். வாழைச்சீப்புகளுக்கு நடுவே நாட் ஆவிக்குத் தேங்காய் வைத்து எல்லோரும் கும்பிட்டு எழுந்தார்கள். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி இது, ஒடைக்காமலே எந்திரிச்சிட்டாளுவ! காரியம் வெளங்குமா?"

அடுத்த நொடி, "முருகா!" என்று வாசற்கல்லில் ஒரே போடு.

இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அன்று காலையில்தான் ராணி காதருகே ஆட்டிப் பார்த்து வாங்கிய காய்.

சயாமா கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார்: "தண்ணியக் குடிச்சிட்டு நாட் உள்ளதான் இருந்திருக்காரு. அவரோட வீட்ட ஒடச்சிட்டீங்களே. இப்ப எங்க போவாரு?"

"நல்ல கதைதான் போங்க" என்று அத்தை சிரித்தாள்.

ராணி ஆடினாள். அன்று கண்ணும் வந்துவிட்டது. ஒருதடவைகூட இமைக்கவில்லை. மேளம் நின்றதும் நூல் அறுந்ததுபோலச் சரிந்தாள். ஒரே கைதட்டல். அவளைத்தான் எடுத்தார்கள்.

"ராணி, எந்திரி கண்ணு!" அத்தை குனிந்து கூப்பிட்டாள். அசைவில்லை. சயாமா "மா தின்" என்றார். எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ராணி என்றால் அவள் திரும்பவே இல்லை. குழுவில் சேர்ந்த திமிர் என்றது தெரு. இருக்கலாம். ஆனால் கடைசியாக ஒரு தீபாவளிக்கு வந்தபோது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். சோறு எடுக்க முதலில் அவள் மணிக்கட்டு எழுந்தது. முழங்கை பிறகுதான் வந்தது. அத்தையும் பார்த்தாள். அப்புறம் குழு வடக்கே போனது. ராணி திரும்பவில்லை.

அத்தை முருகன் படத்துக்குக் கீழே காம்போடு ஒரு தேங்காய் வைத்தாள். "அவரு இங்க வந்து இருந்துக்கட்டும்டி. எம்பொண்ண விட்டாப் போதும்."

தினமும் காலையில் அதை எடுத்துக் காதருகே ஆட்டுவாள். உள்ளே தளும்பும். "தண்ணி இருக்குடி. இன்னும் வரல." கெட்டுப்போனால் வேறு காய் வைப்பாள். சாகும்வரை அப்படித்தான்.

பள்ளி வேறெங்கோ போய்விட்டது. மரவீட்டைப் பிரித்தாயிற்று. பொம்மைகளை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. அத்தை வீடு இருந்த இடத்தில் எட்டுமாடிக் கட்டடம்; அந்தத் தேங்காய் மூலையில் இப்போது லிஃப்ட் ஏறி இறங்குகிறது.

"சொல்லுங்கக்கா" என்றார் கடைக்காரர்.

"வைக்க" என்றேன்.

காம்பு நீண்ட ஒன்றை எடுத்து என் காதருகே ஆட்டினார். "நல்ல காயிக்கா. தண்ணி சத்தம் கேக்குதா?"

கேட்டது.