வெயில் படாமல் வளர்த்தேன்

என் மகளை நான் வெயில் படாமல் வளர்த்தேன். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும். "பிள்ள கறுத்துப்போயிருமுன்னு இம்புட்டுப் பொத்தி வைக்கிறீகளே" என்பார் எதிர்வீட்டு அக்கா. நிறத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் கிடையாது, நானே கறுப்புதான். ஆனாலும் உண்மையான காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கொட்டாம்பட்டிப் பக்கம் கூலிக்குக் கடலை பறிக்கப் போன அப்பா, சித்திரை வெயிலில் காட்டிலேயே சுருண்டு விழுந்தார். தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடியவள் நான்தான். அவர் நெற்றியைத் தொட்டேன், கை பொத்துப்போவது போலச் சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதனால்தான் மகளை வெயிலில் நிறுத்த வேண்டாமென்று வருடம் தவறாமல் பள்ளிக்குக் கடிதம் கொடுத்தேன். மற்றவர்கள் கோ-கோ ஆடும்போது அவள் மட்டும் வகுப்பு ஜன்னலில் நின்று பார்ப்பாளாம். டீச்சர் வருத்தப்பட்டுச் சொன்னார். பத்திரமாக இருக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். என்ன புத்தியோ! பிறகு அவளுக்கு வேலையும் ஏசி அறைக்குள்ளேயே அமைந்தது, எனக்கு நிம்மதி.

போன வருடம் இடுப்பு வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன். ஒருநாள் கீழே விழாமலே தொடை எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. காளவாசல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "வைட்டமின் டி சுத்தமா இல்லையேம்மா. பொண்ணு வெயில்லயே நிக்கிறதில்லையா?" என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாத்திரை கொடுத்தார். "காலையில கொஞ்ச நேரம் கைகால்ல வெயில் படட்டும். உச்சி வெயில் வேணாம்" என்றார். அந்தக் கொஞ்ச நேரம் எத்தனை நிமிஷம் என்று இரண்டு தடவை கேட்டேன். திரும்பும்போது ஆட்டோவில் வைத்துத்தான் அப்பா செத்த கதையை மகளிடம் சொன்னேன்.

மறுநாள் காலையில் வாசலில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நின்றேன். குடையை விரிக்கப் போனேன், வேண்டாமென்று தள்ளிவிட்டாள். முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முகத்தில் வெயில் விழுவதை அன்றுதான் நின்று பார்த்தேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"வெயிலு இம்புட்டுத்தானாம்மா?"