எட்டு கப் கெட்டில்

“பொருள் சந்தைக்குச் செல்லத் தகுதியானதா என்பதைத் தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் இவரையே சாரும்” என்கிறது மதிப்பீட்டு அலுவலரின் பணிக் குறிப்பு. அந்த இறுதி அதிகாரம் மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில், ரப்பர் செருப்போடு நின்று காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் கொதிக்க வைத்து, தொட்டியில் ஊற்றிக்கொண்டிருக்கும்.

தொழிற்சாலையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘மறுபடி’. காரணம், படிவம். அதில் இரண்டே கட்டங்கள்: ‘தேறியது’, ‘மறு சோதனை’. ‘தேறவில்லை’ என்று ஒரு கட்டம் கிடையாது. எங்கள் பொருள் எதுவும் சோதனையில் தோற்றதே இல்லை என்று மேலாளர் விருந்தினர்களிடம் சொல்வார். அதில் பொய் எதுவும் இல்லை.

எட்டு கப் தண்ணீர் பிடிக்கும் புதிய மின்சாரக் கெட்டில் வந்தது. ஆறு கெட்டில்களை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் முறை கொதிக்க வைத்து ஊற்ற வேண்டும். மூன்றாவது வாரம், ஆயிரத்து நூற்று நாற்பதாவது தடவையில் ஒன்றின் கைப்பிடி கழன்று, கொதிநீர் அவருடைய இடது முன்கையில் வழிந்தது. அடுத்த சில நாளில் மற்ற ஐந்தும் பல் விழும் வயதுக் குழந்தைகளைப் போல ஆட ஆரம்பித்தன. ஆறுக்கும் ‘மறு சோதனை’ என்று எழுதினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. யாரும் கேட்காமலே ஏழாவதாக ஒன்றை எடுத்து, பாதித் தண்ணீர் மட்டும் வைத்துப் பார்த்தார். குறிப்பில் எழுதினார்: “பாதி நீரில் இரண்டாயிரமும் தாங்குகிறது. ஆகவே முழு எடைக்கு இந்தக் கைப்பிடித் திருகு போதாது. திருகை மாற்ற வேண்டும்.”

மேலாளர் முதல் வாக்கியத்தைப் படித்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

“என்னய்யா, இவ்ளோ நல்ல சேதியக் கொண்டுபோய் குறிப்புல ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“அது நல்ல சேதி இல்ல சார். திருகு போதாதுன்னு சொல்ல வந்தேன்.”

“பாதித் தண்ணின்னா தாங்குதா, இல்லையா?”

“தாங்குது.”

“எழுதினது நீங்கதானே?”

“நான்தான் சார்.”

“அப்புறம் என்ன? கையேட்டுல ‘பாதி அளவு ஊத்தவும்’னு போட்டுடுவோம்.”

“கெட்டில்ல அளவுக் கோடு மேல வரைக்கும் இருக்கே சார். பெட்டியில வேற எட்டு கப்புன்னு கொட்டை எழுத்துல. ஜனங்க கோட்டப் பாப்பாங்களா, கையேட்டப் படிப்பாங்களா?”

“அச்சு வார்த்தாச்சு, பெட்டி அடிச்சாச்சு. படிக்காதவங்களுக்கு நான் உக்காந்து படிச்சுக் காட்டவா? அது கிடக்கட்டும், கைக்கு மருந்து போட்டீங்களா?”

கடைசிக் கேள்வியில் உண்மையான அக்கறை இருந்தது. அதுதான் கொடுமை.

புதிய படிவம் வந்தது. நீர் அளவு: பாதி. முடிவு: காலி. இருபது வருஷமாக இல்லாததை எழுதியதில்லை என்பது அவருடைய பெருமை. இதிலும் இல்லாதது எதுவும் இல்லை. பேனாவை எடுத்தார்.

கெட்டில் கடைக்குப் போன அன்று ஊழியர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மனைவி பெட்டியைப் பிரிக்கப் போனாள்.

“அத எடுக்காத. பரண்ல போடு.”

“ஏனாம்?”

“எடுக்காதன்னா எடுக்காத. பாதிக்கு மேல ஊத்தினா கைப்பிடி கழண்டுக்கும்.”

அவருடைய கைத் தழும்பைப் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் நல்ல சாமான்னு எழுதிக் குடுத்துட்டு, நம்ம வீட்டுக்கு மட்டும் பரணா? பேஷ்!”

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மறுவாரம் தங்கை போன் செய்தாள்.

“அண்ணே, உங்க கெட்டில் வாங்கிட்டேன்! கடைக்காரர் வேற எதையோ எடுத்துக் காட்டினார். எங்கண்ணன் பாத்து அனுப்பினதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்.”

“பாதிக்கு மேல ஊத்தாத.”

“எட்டு கப்புன்னு போட்டிருக்கே?”

“பாதி. புள்ளைங்க பக்கத்துல இருந்தா அதுவும் வேணாம்.”

“என்னண்ணே, நீயே இப்படிச் சொல்ற?”

அவர் தழும்பைச் சொறிந்துகொண்டார்.

அந்தக் கெட்டிலுக்கு ‘தேறியது’ கட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது என்பதை மனைவியிடமும் தங்கையிடமும் மட்டும் சொன்னார்.