கோடியக்கரைக்குக் கிளம்பாத சாமுவேல் அண்ணன்

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பழவேற்காட்டில் பூநாரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள். நான் ஆம்பூரில் என் குடோனில் இருந்தேன். சாமுவேல் அண்ணன் தோல் கம்பெனியில் இருந்தார். பகல் பதினொரு மணிக்குப் போன் வந்தது. தரம் பிரிக்கும் மேஜை மேலேயே சாய்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் கம்பெனி கழித்த தோலை வாங்கி விற்றுத்தான் நான் ஆளானேன். அங்கேதான் பழக்கம். "குமாரு, இதுல முள்ளுக் கீறல் ஜாஸ்தி. விலையைக் கம்மி பண்ணிக் கேளு" என்று முதலாளி காதில் விழும்படியே சொல்வார். விற்பவன் பக்கத்து ஆள் அப்படிப் பேசி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

"முப்பது வருஷமா செத்த தோலையே தடவுறேன். ஒரு மிருகம் அதோட தோலுக்குள்ள ஓடுறதைப் பாக்கணும்" என்பார். அதற்காகத்தான் பயணம். என் கார், இரண்டு குடும்பம். பழவேற்காடு, பிச்சாவரம், கடைசியில் கோடியக்கரை வெளிமான்.

டீக்கடையில் உட்கார்ந்து வழியைப் பேசும்போது அவர் மனைவி மேரி அக்கா விடமாட்டார். "உன் மேல அடிக்கிற வாசனைக்கு மான் நிக்குமாய்யா? சொந்தக்காரங்க ஞாபகம் வந்து ஓடிப்பூடும்."

"அதுக்குத்தான் தரங்கம்பாடி கடல்ல ஒரு நாள் பூரா ஊறிட்டுப் போறது" என்றார் அண்ணன். விளையாட்டில்லை. மானுக்கு முன்னால் கடல் என்று வழியையே மாற்றினார். தோல்காரனைத் தவிர யாரும் பயணத்தை இப்படிப் போடமாட்டான்.

லீவு கிடைத்தது. சனிக்கிழமை மாலை மேனேஜர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திங்களன்று தோல் வாங்க வெளிநாட்டுப் பையர் வருகிறார், ஞாயிறு வந்து அவருக்கான லாட்டைத் தரம் பிரித்து முடித்துக் கொடுங்கள் என்றார்.

"பறவைங்க எங்க போவப்போவுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

"அடுத்த வாரம் வேற பையர் வருவாண்ணே" என்றேன். சிரித்தார்.

கம்பெனி வாசலில் பேனர் வைத்தார்கள்: 'விடுப்பு அறியாத உழைப்பாளி'. அவரை அறிந்தவர்களுக்குச் சொல்கிறேன், அது பொய். அவர் விடுப்பு கேட்டார். கொடுத்துவிட்டுப் பிடுங்கினார்கள். பூமாலை மட்டும் ஆள் உயரத்துக்கு வாங்கியிருந்தார்கள்.

அடக்கமெல்லாம் முடிந்தபின், கோடியக்கரைக்கு ஒருமுறை போய்வரலாமா என்று அக்காவைக் கேட்டேன்.

"மானு அவருக்குத்தாம்பா வேணும். எனக்கு அவரு ஒரு நாள் முழுசா பக்கத்துல உக்காந்திருந்தா போதும்னு இருந்துச்சு" என்றார்.

போன மாதம் அதே கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். நல்ல லாட், ஞாயிறு காலை வந்து பார்க்கச் சொன்னார்கள். ஞாயிறு வருவதில்லை என்றேன். வேறொருவர் எடுத்துக்கொண்டார். நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அண்ணன் கேட்டும் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையை இப்போது நான் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.