கேஸ்கெட் வெந்த கோடை

காலையில் கார் முதல் தடவை உறுமி எழும்போது சைலன்சரிலிருந்து வரும் வெள்ளைப் புகைக்குள் கையை நீட்டினால் உள்ளங்கை நனைந்தது. டீசல் புகை என்றால் கறுப்பாய், தொண்டையை அறுப்பதாய் இருக்க வேண்டும்; இதுவோ சோறு கொதிக்கும் பானையைத் திறந்ததுபோல வெதுவெதுவென்று வந்து விரலிடுக்கில் துளித்துளியாய் நின்றது. ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முந்தைய வாரங்கள் அவை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

கீழப்பழுவூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய டீசல் கார்தான் எங்கள் பிழைப்பு. கல்யாணம், ஆஸ்பத்திரி, திருச்சி ஏர்போர்ட் என்று வாடகைக்கு அப்பா ஓட்டுவார். அவருக்கு முடியாத நாட்களில் அம்மாவின் தம்பி சேகர் மாமா ஓட்டுவார். மாமா எதற்கும் பதறாத மனிதர், லாரிக்காரன் ஒலிப்பானை அலறவிட்டாலும் சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிடுகிறவர். அப்பாவுக்குக் காரில் ஒரே ஒரு சட்டம் உண்டு, அது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள். "முள்ளு ஏறுச்சுன்னா நடுரோடா இருந்தாலும் நிறுத்திப்புடணும். அதுக்கு மேல ஒரு அடி ஓட்டுறவன் டிரைவரே இல்ல" என்று மாமாவிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்.

அந்தச் சட்டத்தை அப்பாவே உடைத்தார், உடைக்கச் சொன்னவள் நான்.

பெரம்பலூரில் பள்ளிகளுக்கான ஓட்டப் பந்தயம், எண்ணூறு மீட்டரில் என் பெயர் இருந்தது. அரியலூர் ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் ஒன்று போய், அதன் பின்னால் இன்னொன்றும் போய், எங்களுக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக நின்றதில் நேரமெல்லாம் கரைந்துபோனது. கேட் திறந்ததும் அப்பா விட்டதைப் பிடிக்க விரட்டினார். அரியலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள் எழுந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்பாவின் கால் பிரேக்குக்குப் போனதைப் பார்த்தேன். "நிறுத்தாதீங்கப்பா, என் பேரைக் கூப்பிட்டுருவாங்க" என்று அழுதேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், காலை எடுத்துவிட்டார். அங்கிருந்து பெரம்பலூர் மைதானம்வரை கார் நிற்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது பானெட்டின் இடுக்கெல்லாம் ஆவி சீறியது. மைதானத்துக் குழாயில் வாளி நிறையப் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, கொதித்துக்கொண்டிருந்த எஞ்சின் மேல் அப்படியே ஊற்றினார். எஞ்சின் "சொய்ங்" என்று கத்தியது. நான் ஓடினேன், நான்காவதாக வந்தேன்.

திரும்பும்போது, "அம்மாட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து சேகர் மாமாவுக்குப் பெண் பார்க்கச் செந்துறைப் பக்கம் புறப்பட்டார்கள். மாமாதான் ஓட்டினார், அம்மாவும் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் உடன் போனார்கள். பாதி வழியில் கார் கொதித்து நின்றுவிட்டது. ஒரு வயல்வெளியில் எல்லாரும் பட்டுப் புடவையும் வேட்டியுமாய் வெயிலில் நின்று, யாரோ குடத்தில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, ஆறவைத்து, மறுபடியும் நின்று, போய்ச் சேரும்போது நல்ல நேரம் போய் ராகுகாலம் தொடங்கியிருந்தது. பெண் வீட்டார் காபி கொடுத்தார்கள், பெண்ணைக் காட்டவில்லை. சகுனம் சரியில்லை என்று மறுவாரம் சொல்லியனுப்பினார்கள்.

பெண் பார்க்கப் போன அன்று சாயங்காலமே கார் வாசலில் வந்து நின்றதும் அப்பா தெரு கேட்கக் கத்தினார்.

"முள்ளப் பாக்காம எங்கடா பாத்து ஓட்டுன?"

"பாத்துக்கிட்டேதான் வந்தேன் மச்சான். ஏறுன ஒடனே நிறுத்திட்டேன். அக்காவைக் கேளுங்க" என்றார் மாமா.

"ஒடனே நிறுத்துனா வண்டி இப்படி வேவுமா? பொய் வேற சொல்லுற."

மாமா சாவியைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தார். அம்மா "சேகரு, சேகரு" என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் நடந்தாள், அவர் நிற்கவில்லை. கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா ஆலத்தியூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அந்தக் கோடையில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அம்மா அரிசி களையும்போதே பாதியில் எழுந்து தெருவைப் பார்ப்பாள். அப்பா சாப்பிட்ட கையோடு போய் ரேடியேட்டர் மூடியைத் திறப்பார். நான் காரணமில்லாமல் குளத்தங்கரைவரை ஓடுவேன், திரும்பி ஓடிவருவேன். முந்தின நாள் இரவு நிரப்பிய தண்ணீர் மறுநாள் பாதியாய்க் குறைந்திருக்கும். கீழே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. அரியலூரில் ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்தார்கள், எங்கள் பக்கத்துத் தண்ணீரின் சுண்ணாம்பு பாளம் பாளமாய் வந்தது. கார் மறுபடியும் கொதித்தது. தண்ணீர் பம்பை மாற்றினார்கள், அதற்கும் கொதித்தது. சவாரிகள் நின்றுபோயின. ஒவ்வொரு முறையும் அப்பா, "எல்லாம் அவன் பாத்த வேலை" என்று சொல்லும்போது நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

கடைசியில் லப்பைக்குடிக்காட்டில் ஜாபர் பாய் என்று ஒருவரைச் சொன்னார்கள். வளைகுடாவில் பல வருடம் கார் பட்டறையில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, சொந்தமாகப் பட்டறை போட்டவர். "இவளையும் கூட்டிட்டுப் போங்க, வூட்டுல நிலைகொள்ள மாட்டேங்குறா" என்று அம்மா என்னை ஏற்றிவிட்டாள். பின் சீட்டில் தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டு, முள் எழும் இடமெல்லாம் நின்று நின்று போனோம்.

செந்துறை வழியில் மாமா நிறுத்தி, ஆறவைத்துத் தண்ணீர் ஊற்றியதை அப்பா சொன்னார். ஜாபர் பாய் முதலில் எதையும் கழற்றவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை ஓடவிட்டு, குனிந்து பார்த்தார். தண்ணீரில் குமிழி குமிழியாய்க் கிளம்பியது. ஆயில் மூடியின் உள்பக்கத்தை விரலால் வழித்துக் காட்டினார், பால் அதிகமான காபியைப்போல அதில் ஒட்டியிருந்தது.

"தண்ணி வெளியில ஒழுவல, எஞ்சினே உள்ளார குடிக்குது. ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க" என்றார். எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் அதன் மேல் மூடிக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடு அது. நெருப்பு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று பிரித்துவைப்பது. மத்தியானத்துக்குள் மூடியைக் கழற்றி இறக்கினார். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் நடுவில் தகடு கருகி, விரல் நக அளவு ஓட்டையாகியிருந்தது. எஃகு ஸ்கேலை மூடியின் அடியில் குறுக்காக வைத்துத் தூக்கிப் பிடித்தார். நடுவில் மெல்லிய கோடாய் வெளிச்சம் தெரிந்தது.

"வளைஞ்சு போச்சு. இதை லேத்துல குடுத்துச் சமமாச் சீவணும். சூட்டோட ரொம்ப தூரம் ஓட்டிருக்காங்க. ஆறதுக்கு முன்னாடி பச்சத் தண்ணி எதும் ஊத்துனீங்களா?"

"மச்சினன் ஓட்டுனான்" என்றார் அப்பா.

"அவரு நிறுத்தி, ஆறவச்சு ஊத்துனதாத்தானே மொதல்ல சொன்னீங்க? அதுக்கு முந்தி ஒருநாள்கூட முள்ளு ஏறலியாங்க?"

அப்பா கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ஏறுச்சு" என்றேன். "பெரம்பலூருக்கு ஓடப் போன அன்னிக்கு. நாந்தான் நிறுத்த வேணாம்னேன். அப்பா வாளித் தண்ணிய அப்படியே ஊத்துனாரு. மாமா ஓட்டுறதுக்கு முன்னாடியே புகை ஈரமா வந்துச்சு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. ஜாபர் பாய் மூடியைத் துணியில் சுற்றி, பெரம்பலூர் லேத்துக்குக் கொடுத்துவிட எடுத்துப் போனார். பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம், "தப்பு என்னுது" என்றார். அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்து, "இத எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சீவிய மூடி வந்தது; அப்பாவும் நானும் மறுபடியும் பட்டறைக்குப் போனோம். பழைய தகட்டின் பிசிறெல்லாம் சுரண்டி, புதிய கேஸ்கெட்டை உட்காரவைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாய், மூன்று சுற்றாக முடுக்கினார் ஜாபர் பாய். "ஐநூறு கிலோமீட்டர் ஓடுனதும் திரும்பக் கொண்டாங்க. இன்னொருக்கா முடுக்கணும். சூட்டுல கொஞ்சம் எளகும்" என்றார்.

அப்பா காரை வீட்டுக்குத் திருப்பவில்லை, ஆலத்தியூருக்கு விட்டார். ஆலை வாசலில் வெயிலில் நின்றோம். ஷிப்ட் முடிந்து வந்த கூட்டத்தில் புருவம்வரை சிமெண்ட் தூசி சாம்பலாய்ப் பூத்து ஒருவர் வந்தார். அவர் நடையை வைத்துத்தான் மாமா என்று கண்டுபிடித்தேன்.

"மாப்ள, நாந்தான் வண்டிய வேகவச்சேன். தெரிஞ்சே உன்மேல போட்டுட்டேன்" என்றார் அப்பா.

மாமா காரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு வேற எடத்துல முடிஞ்சிருச்சு மச்சான்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். நான் அழுதுகொண்டே, நிறுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னது நான்தான் என்றேன்.

"ஓட்டத்துல ஜெயிச்சியா?"

"நாலாவது மாமா."

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. சாம்பல் கையை என் தலையில் வைக்க வந்தவர், ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ, பின்னுக்கு இழுத்துக்கொண்டார். காரில் ஏறச் சொன்னோம். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்றார்.

இன்று அந்தக் கார் எங்கள் வாசலில் இல்லை. பழைய இரும்புக்குப் போய் வருடங்களாகின்றன. ஜாபர் பாயின் பட்டறை இருந்த இடத்தில் துணிக்கடை இருக்கிறது. சேகர் மாமா வேறொரு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு நன்றாகவே இருக்கிறார். விசேஷங்களுக்குத் தவறாமல் வருவார்; வந்தால் அப்பா தடியூன்றி வாசல்வரை போய்க் கூட்டிவருவார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு மழை, விதை விலை, பிள்ளைகளின் படிப்பு என்று மணிக்கணக்காய்ப் பேசுவார்கள். வண்டிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். அப்படி யாராவது பேச்செடுத்தால் மாமா தண்ணீர் குடிக்க எழுந்து போவார். அவர் திரும்பி வந்து உட்காரும்வரை அப்பா அந்தக் காலி நாற்காலியின் மேல் ஒரு கையை வைத்திருப்பார்.