சின்னவளுக்கு மட்டும் வந்த பட்டன்கள்

சலவைக் கடையில் அவளுக்குப் பெயர் பாக்கெட் அக்கா. துணி மெஷினுக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையை விட்டுத் துழாவுவதுதான் அவள் வேலை. பேனா, சாவி, கசங்கிய காதல் கடிதம், ஒருமுறை ஒரு வக்கீல் கோட்டில் பாதி கடித்த பிஸ்கட். பத்தொன்பது வருஷத்தில் ஒரு பேனாகூட அவள் கைக்குத் தப்பித் தண்ணீரைப் பார்த்ததில்லை. கழன்று கிடக்கும் பட்டன்களை மட்டும் தன் நீல வேலைக் கோட்டின் பாக்கெட்டில் போட்டுக்கொள்வாள். வேலை ஓய்ந்த நேரத்தில் எது எந்தச் சட்டைக்கு என்று பார்த்துத் தைத்துவிடுவாள்.

பட்டன் தைப்பது அம்மாவிடம் கற்றது. சட்டைக் கம்பெனிக்கு வீட்டில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தே இரண்டு பெண்களை வளர்த்தவள் அம்மா. வேறு தையல் எதுவும் அவளுக்குத் தெரியாது. பெருக்கல் குறி போலக் குறுக்கும் மறுக்குமாக நாலு இழுப்பு, அதன் மேல் ரெட்டை முடிச்சு, பிறகு பல்லால் நூலைக் கடிப்பாள். அவ்வளவுதான் அவள் வித்தை.

அம்மா போய் எட்டு மாசம் ஆகிறது. போனவள் இப்போது சின்னவள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறாளாம்!

"இன்னைக்கும் வந்திருந்தாக்கா" என்று தங்கச்சி போனில் சொல்வாள். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "அம்மாவை நினைச்சுக்கிட்டே வீட்டைக் கூட்டுறேன், சோபாவுக்கு அடியில ஒரு பட்டன்! எங்க வீட்டுக்காரர் பட்டன் வச்ச சட்டையே போடுறதில்லைன்னு உனக்கே தெரியும். எல்லாம் பனியன்தான். அப்போ இது எங்கிருந்து வந்துச்சு? நீயே சொல்லு."

"எங்கிருந்தோ வந்திருக்கும்" என்பாள் பாக்கெட் அக்கா. போனை வைத்த பிறகு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரியும். தண்ணீர் குடித்தாலும் அடங்காது.

எரியாமல் என்ன செய்யும்? படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை மூன்று வருஷம் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டியவள் இவள். அந்தப் புண்ணியவதி கண்ணைத் திறந்ததும் கேட்பது ஒன்றே ஒன்று: "சின்னவ வந்தாளா?" கடைசி வருஷம் பார்வையும் போய்விட்டது. அப்போதும் இவள் கையைத் தடவிப் பார்த்து, "சின்னவளா?" என்பாள். இவள்தான் என்று தெரிந்ததும், "நீயா?" நல்ல நாளிலேயே அப்படித்தான். வீட்டில் எது நல்லதாக இருந்தாலும், "இதைக் கொண்டு போய்ச் சின்னவகிட்ட குடுத்துட்டு வா" என்று இவள் கையில்தான் கொடுத்து அனுப்புவாள். செத்த பிறகாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாள் என்று பார்த்தால், அங்கேயும் சின்னவள்தான்.

போன திங்கட்கிழமை தங்கச்சி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அக்கா, அம்மாவோட தையல் டப்பா உன்கிட்டதானே இருக்கு? இங்க குடுத்துடேன். அம்மா என்னைத் தேடித்தானே வர்றா? டப்பா இங்க இருந்தா அவளுக்கும் சௌகரியம்."

அம்மாவின் நினைவாக மிஞ்சியது அந்தத் தகர டப்பா ஒன்றுதான். ஊசிகள், நூல்கண்டுகள், துருப்பிடித்த கத்திரி. பாக்கெட் அக்கா, "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அன்று இறந்தவளோடு ஒரு பேச்சு பேசிக்கொண்டாள். "இந்தா பாரு, ஞாயிறுக்குள்ள எனக்கும் ஒரு அடையாளம் காட்டு. ஒண்ணே ஒண்ணு போதும். இல்லேன்னா டப்பாவை உன் செல்லத்துகிட்டயே கொண்டு போய்க் குடுத்துடறேன்."

அந்த வாரம் முழுக்க அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சுவர்க் கடிகாரம் நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு இருபது. அம்மாவுக்கும் ஏழு இருபதுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பேட்டரிதான். புதனன்று பஸ் டிக்கெட் எண்ணைக் கூட்டிப் பார்த்தாள், கழித்தும் பார்த்தாள். அம்மாவின் வயதுக்கு இரண்டு குறைந்தது. வியாழனன்று யாரோ பின்னாலிருந்து "கண்ணு" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் ஒரு அம்மாள் தன் நாய்க்குட்டியைக் கூப்பிடுகிறாள்.

வெள்ளிக்கிழமை எரிச்சலையெல்லாம் அயர்ன்காரர் தலையில் கொட்டினாள். "டாக்டரம்மா கோட்டோட பச்சைப் பட்டன் போன வாரத்துலேருந்து காணோம். திங்கட்கிழமை வந்தா எப்பவும் ஒண்ணு ரெண்டு குறையுது. நீங்கதான் எங்கேயோ தொலைக்கிறீங்க."

"ஆமா, பட்டனைத்தான் வறுத்துத் திங்கறேன்" என்றார் அயர்ன்காரர். "அந்த ஓரம் உடைஞ்ச பச்சைதானே? நீதானே எடுத்து உன் பாக்கெட்டுல போட்ட. என்னைக் கேட்டா?"

ஞாயிறு வந்தது. அடையாளம் வரவில்லை. அரை நாள் வேலை முடித்து, வழக்கம்போல வேலைக் கோட்டோடு நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். பையில் டப்பா கல்லாய்க் கனத்தது.

தங்கச்சி வாசலிலேயே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அலமாரியில் ஒரு பீங்கான் தட்டு. அதில் வரிசையாக எட்டு பட்டன்கள். "கடைசியா வந்தது இது. போன ஞாயிறு நீ கிளம்பினதும் கிடைச்சது. யோசிச்சுப் பார்த்தா எல்லாமே ஞாயித்துக்கிழமைதான் அக்கா! நீ வர்ற அன்னைக்கா பார்த்துத்தான் அம்மாவும் வர்றா!"

பச்சை. ஓரத்தில் உடைந்திருந்தது.

பாக்கெட் அக்கா, "கை கழுவிட்டு வரேன்" என்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஊரார் பாக்கெட்டை எல்லாம் துழாவுகிற கை, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பியது. அடி மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

அட, நான்தானா! சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை மாசமாக அம்மாவாக வந்து போனது இந்த ஓட்டைதானா? போய்ப் போட்டு உடைக்க வேண்டியதுதான். தட்டையும் பூரிப்பையும் சேர்த்து உடைக்க வேண்டியதுதான். டப்பா தப்பித்தது!

கைப்பிடியில் கை வைத்தவள் மறுபடி ஒருமுறை பாக்கெட்டைப் பார்த்தாள். அது கிழிந்த ஓட்டை இல்லை. தைக்காமல் விட்ட இடம். அதற்கு முன்னால், நீலத் துணியில் வெள்ளை நூலில், கோணல்மாணலாக, பெருக்கல் குறிகள். ஒவ்வொன்றின் மேலும் ரெட்டை முடிச்சு. நூல் பல்லால் கடிக்கப்பட்டிருந்தது.

போன வருஷம் பாக்கெட் அடியில் கிழிந்து, ராத்திரி கோட்டை அம்மாவின் கட்டில் தலைமாட்டில் மாட்டி வைத்தது ஞாபகம் வந்தது. ரெண்டு நாள் கழித்துக் கடையில் கை விட்டபோது தைத்திருந்தது. கடையில் கிழிசல் தைக்கிற தையல்காரர் கைவேலை என்று நினைத்து, அவருக்கு நன்றிகூடச் சொல்லியிருந்தாள். மனுஷர் முழித்தார். கண் தெரியாதவள், பட்டன் தையலைத் தவிர வேறு தெரியாதவள், பட்டனே இல்லாமல் பதினோரு பட்டன் தைத்திருக்கிறாள். மூலை வரை தடவித் தடவி வந்தவளுக்கு அந்தக் கடைசி இடம் மட்டும் கைக்கு அகப்படவில்லை.

பாக்கெட் அக்கா குழாயைத் திறந்துவிட்டு, வாய்விட்டு அழுதாள்.

வெளியே வந்தபோது பாக்கெட் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே தள்ள மறந்துவிட்டாள். தங்கச்சி அதற்குள் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, ஊசியில் நூலும் கோத்துவிட்டிருந்தாள்.

"என்னக்கா, பாக்கெட்ல ஓட்டையோட அலையிற? குடு, அம்மா ஊசியாலேயே முதல்ல உனக்குத் தைக்கிறேன்."

"கையை எடுடி!" வீடே அதிர்ந்தது. "அது அம்மா தைச்சது."

தங்கச்சி குனிந்து பார்த்தாள். பெருக்கல் குறிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். ஓட்டைக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு அலமாரித் தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணு தெரியாமலா தைச்சா?"

"ம்."

"உனக்கா?"

"எனக்குத்தான்."

தங்கச்சியின் முகம் சுருங்கியது. உதடு கோணியது. அந்த முகத்தைப் பாக்கெட் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். எட்டு மாசமாகக் கண்ணாடியில் பார்த்துவந்த முகம்தான். அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைப்பானேன்?

"எனக்கு ஒரு கைக்குட்டைகூட அவ தைச்சுக் குடுத்ததில்லை அக்கா" என்றாள் தங்கச்சி. "நீ டப்பாவை எடுத்துட்டுப் போயிடு. எனக்கு அந்தக் கோட்டைக் குடேன்."

"டப்பாவை நீயே வச்சுக்கோ. கோட்டைக் கேட்ட, அப்புறம் தெரியும் சேதி" என்றாள் பாக்கெட் அக்கா.

பாக்கெட்டை உள்ளே தள்ளிக்கொண்டாள். தங்கச்சி கையிலிருந்த ஊசியை வாங்கி, நூலை உருவி, டப்பாவில் குத்தி வைத்தாள். ஓட்டையைத் தைக்கவில்லை. டாக்டரம்மாவின் பச்சைப் பட்டனையும் திருப்பிக் கேட்கவில்லை. வேறு பச்சை பார்த்துக்கொள்ளலாம்.