பத்து மெஷின், ஒரு ஆள்

பதினோரு வருஷமாக அவர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுத்ததில்லை. அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் அறையில் நாலு மெஷின்கள் இருந்தன. அவற்றை ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன் அவர் ஒருவர்தான். ஒரு நாள் அவர் வராவிட்டால் எட்டுப் பேர் ரத்தத்தில் கழிவு தங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் கிடையாது. அன்றைக்கு மெஷின்களைக் கழுவ வேண்டும்.

மனைவி மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மகளின் படிப்பைக் காரணம் சொல்லி, ஏழு மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் தலைநகருக்கு, தன் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிபோனார். சண்டையெல்லாம் எதுவும் இல்லை. வாரம் இரண்டு தடவை போன் வரும். "சாப்டீங்களாப்பா?" என்பாள் மகள். "சாப்ட்டேம்மா" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச விஷயம் இருக்காது. யார் முதலில் வைப்பது என்று இருவருமே தயங்குவார்கள்.

குவார்ட்டர்ஸில் அவருக்கு ஓர் அறை. இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்றில் தேய்க்காத சட்டைகள். குக்கர் விசில் அடித்தால் மெஷின் அலாரம் என்று பதறி எழுவார். அந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட அங்கே ஆள் இல்லை.

பேச்சுத் துணை என்றால் நோயாளிகள்தான். அதிலும் ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். செவ்வாய், வெள்ளி காலை முதல் நாற்காலி அவருக்கு. டெக்னீஷியனுக்கு 'மூணாவது கிட்னி' என்று பெயர் வைத்தது அவர்தான்.

"முதல் ரெண்டும் ரிட்டையர் ஆயிடுச்சு தம்பி. நீ மட்டும்தான் சர்வீஸ்ல இருக்க."

மற்ற நோயாளிகள் டெக்னீஷியனைத் தெய்வம் என்பார்கள். "தெய்வத்துக்கு லீவு வேண்டாம்மா, எனக்கு வேணுமே" என்பார் அவர். தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மாற்று ஆள் போட வேண்டியதில்லை. ஓய்வு தர வேண்டியதில்லை. மனிதனைச் செலவில்லாமல் பிழிவதற்கு இதைவிடச் சுலபமான வார்த்தை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பிறகு மருத்துவமனையை விரிவாக்கும் திட்டம் வந்தது. கோடிக்கணக்கில் பணம் இறங்கியது. பழைய கட்டடத்துக்கு எதிரே ஆறு மாடி எழும்பியது. மூன்றாவது மாடியில் புதிதாகப் பத்து டயாலிசிஸ் மெஷின்கள், உறைகூடப் பிரிக்காமல் வரிசையாக நின்றன. அரசாணையை அவர் வரி வரியாகப் படித்தார். கண்ணாடிக் கதவுக்குப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். வரவேற்பறை நீரூற்றுக்கு ஒதுக்கியிருந்தார்கள். இரண்டாவது டெக்னீஷியனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்லுக்கும் கம்பிக்கும் கொட்டிக் கொடுக்கிற கை, ஊசி குத்தத் தெரிந்த ஒருவனுக்குச் சம்பளம் என்றதும் மடங்கிக்கொள்கிறது.

அவர் தலைநகருக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்தார். மருத்துவமனையின் பெரிய டாக்டர் அதை மேஜையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளிக்கிழமை மந்திரி திறந்து வைக்கிறார். ஒரு மெஷினாவது ஓடணும், அதுல ஒரு பேஷண்ட் இருக்கணும். அதை முடிச்சுக் குடுங்க. சாயங்காலமே இதுல கையெழுத்துப் போடறேன். பதில் ஆளுக்கும் பேசிட்டேன், திங்கட்கிழமை வந்துடுவான்."

அன்று மாலை அவரே மனைவிக்குப் போன் செய்தார். நெடுநாளைக்குப் பிறகு மகள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசினாள்.

மறுநாள் புதிய கட்டடத்துக்குப் போய் மெஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். குழாய் சுவருக்குள் போனது. பின்தொடர்ந்தால் மாடிப்படி ஓரம் ஒரு பெட்டியில் போய் முடிந்தது. வீடுகளில் குடிதண்ணீருக்கு மாட்டுகிற சுத்திகரிப்புப் பெட்டி! டயாலிசிஸுக்குத் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். பழைய அறைக்குப் பின்னால் ஒன்று இருக்கிறது. இங்கே வரைபடத்தில் 'சுத்தமான நீர்' என்று இருந்ததைப் பார்த்துக் கட்டட இன்ஜினியர் வாங்கி மாட்டியது இதை.

"இதுல என்ன சார் குறை?" இன்ஜினியர் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தே காட்டினார். "எங்க அம்மாவே வீட்ல இதைத்தான் குடிக்கிறாங்க."

"அம்மா எவ்வளவு குடிப்பாங்க?"

"ரெண்டு லிட்டர் இருக்கும்."

"இங்க நாலு மணி நேரத்துக்கு நூத்திருபது லிட்டர் ஓடும் சார். வயித்துக்குப் போகாது. ரத்தத்தை உரசிட்டு ஓடும்."

குளோரின் பார்க்கும் காகிதத்தை அந்தத் தண்ணீரில் நனைத்தார். நிறம் மாறியது. அவ்வளவு குளோரின், மெஷினில் தண்ணீரையும் ரத்தத்தையும் பிரிக்கும் மெல்லிய சவ்வைத் தாண்டினால் ரத்த அணுக்கள் உடையும். ஆள் பிழைத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டத்தை நம்பி அவர் யாருக்கும் ஊசி குத்தியதில்லை.

அவர் கொண்டுபோய் நீட்டிய காகிதத்தைப் பெரிய டாக்டர் தொடக்கூட இல்லை. "பத்து நிமிஷம்தான்யா. மந்திரி போனதும் கழட்டிடுங்க."

யாரை உட்கார வைப்பது என்பதும் முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை முதல் நாற்காலிக்காரர்.

விஷயம் தெரிந்ததும் கண்டக்டர் சிரித்தார். "போட்டோல வருவேனா?"

"அண்ணே, விளையாட்டில்ல. அந்தத் தண்ணி சரியில்ல."

"நீ பொண்டாட்டி புள்ளயோட போய்ச் சேரணும்ல? பத்து நிமிஷம் தாங்க மாட்டனா? நெரிசல்ல முப்பத்திரண்டு வருஷம் தொங்கிட்டு வந்தவன்யா நான்."

"உங்களுக்குத் தாங்கும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"நான்தான சம்மதிக்கிறேன், உனக்கு என்ன?"

"குத்தப் போறது என் கை. நான் சம்மதிக்கல."

கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலப் பழைய அறையில், பழைய மெஷினில், கண்டக்டருக்கு ஊசி ஏறியது. எதிர்க் கட்டடத்தில் மேளமும் கைத்தட்டலும் கேட்டன. அங்கே ஒரு வாட்ச்மேனைப் படுக்க வைத்து, போர்வைக்கு மேலே குழாயை ஒட்டியிருந்தார்களாம். மந்திரி அவர் தோளைத் தட்டி, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க, "ஒரு குறையும் இல்லைங்க ஐயா" என்றாராம். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

விண்ணப்பம் திங்கட்கிழமை திரும்பி வந்தது. 'மருத்துவமனை விரிவடைந்துள்ள நிலையில், மேற்படியாரின் சேவை இங்கு இன்றியமையாதது.' பதில் ஆளும் வரவில்லை.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டார். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். 

"அந்தக் கண்டக்டர் நல்லாருக்காரா?"

"நல்லாருக்காரு."

"நீங்க செஞ்சது சரிதான். அதனாலதான் திட்டக்கூட முடியல."

"பாப்பாகிட்ட குடேன்."

"அப்புறம் பேசறாளாம்."

அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியில் கிடந்த சட்டை ஒன்றை எடுத்து மடித்தார்.

"அலமாரில பாதி உங்களுக்குன்னு ஒழிச்சு வச்சிருந்தேன்" என்றார் மனைவி. "என் துணியையே திரும்ப அடுக்கிக்கட்டுமா?"

"அடுக்கிக்கோ" என்றார் அவர்.