அடைப்புக்குறிக்குள் குலவீரசிங்கம்

புளியங்கூடலுக்கு வந்து சின்னத்துரை குலவீரசிங்கம் வீடு எது என்று கேட்டால் ஆளை ஆள் பார்ப்பார்கள். ‘ஒஸ்ரியாக் குலம்’ என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கொண்டுபோய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். அந்தப் பட்டத்தைக் கேட்டாலே மனிதருக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் வெளியே காட்டமாட்டார், சிரிப்பார். அரசியலில் பத்து வருடம் இருந்தவர் அல்லவா.

அரசியல் என்றால் இங்கத்தைய அரசியல் இல்லை. ஒஸ்ரியா நாட்டின் வியன்னா மாநகரத்தில் ஒரு வட்டாரசபையின் உறுப்பினராக இரண்டு தவணை இருந்தவர். அதுவும் பழமை பேணுகிற கட்சியில். தீவுப்பகுதியில் பிறந்த ஒருவர் வெள்ளைக்காரருடைய பழமையைக் காப்பாற்றப் போன கதை இது. சிரிக்காமல் கேட்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு, இருபத்தெட்டு வயதில் போனார். முதல் எட்டு வருடம் ஒரு ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு அதே குசினியில் சமையற்காரர் ஆனார். ஹொட்டல் முதலாளி ஹூபர் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘வீட்டில் சும்மா இருந்து என்ன செய்யப்போகிறாய்?’ என்று கட்சிக் கிளையின் காலைச் சாப்பாட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எழுந்து பேசியவர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்க வேண்டும், தெருவில் பெரியவர்களைக் கண்டால் வணக்கம் சொல்ல வேண்டும், தகப்பன் பாட்டன் செய்ததைக் கண்டபாட்டுக்கு மாற்றக்கூடாது. குலவீரசிங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அன்று இரவே மனைவி தவமலரிடம் சொன்னார்: “இஞ்சேரும், இது எங்கடை அப்பாவின்ரை கட்சியெல்லோ!”

அப்பா சின்னத்துரை எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. புளியங்கூடல் சனசமூக நிலையத்துக்குப் பதினொரு வருடம் தலைவராக இருந்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினொரு வருடமும் அவர் பதவி ஏற்ற அழகைப் பார்த்திருக்க வேண்டும். யாராவது பெயரை முன்மொழிவார்கள். அப்பா இரண்டு கையையும் ஆட்டி, “ஐயையோ, என்னை விடுங்கோ” என்பார். சனம் விடாது. “எனக்கு வயசு போட்டுது, இளம் ஆக்களைப் போடுங்கோ” என்பார். முதன்முதல் அப்படிச் சொன்னபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்றாந்தரம் எழுந்து வேறொருவருடைய பெயரைச் சொல்லுவார். சனம் சத்தம் போடும். நாலாந்தரம் ஒரு பெருமூச்சு விட்டு, “சரி, இவ்வளவு பேர் கேக்கிறியள்” என்று சட்டைப்பைக்குள் இருந்து ஏற்புரையை எடுப்பார். முதல்நாளே எழுதி வைத்த ஏற்புரை. ஊரில் பதவி ஏற்கும் முறை அதுதான். கேட்டவுடனே ஓம் என்கிறவனை ‘பதவிக்கு அலையிறவன்’ என்பார்கள். அந்தப் பெயர் ஒருதரம் விழுந்தால் செத்தவீடு வரைக்கும் கூடவரும்.

இந்தப் பாடத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் குலவீரசிங்கம் இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு கட்சிக் கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கிளைத் தலைவர், “வட்டாரசபைப் பட்டியலில் உங்கள் பெயரைப் போடலாமா?” என்று கேட்டார். குலவீரசிங்கம் எழுந்து, கையை ஆட்டி, “ஐயோ வேண்டாம், என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள்” என்றார். தலைவர் நன்றி சொன்னார். அடுத்த கதிரையில் இருந்த பூக்கடைக்காரியைக் கேட்டார். அவள் ‘யா’, அதாவது ஓம், என்றாள். விசயம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. குலவீரசிங்கம் இரண்டாந்தரம் கேட்பார்கள் என்று இரவு பத்து மணிவரை காத்திருந்தார். பொரித்த சொசேஜ் வந்தது, பியர் வந்தது. கேள்வி வரவேயில்லை. அவர்கள் மறுபடி கேட்க ஐந்து வருடம் பிடித்தது.

இரண்டாயிரத்துப் பத்தில் கேட்டார்கள். தலைவர் கேள்வியை முடிக்க முன்னரே, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி “யா!” என்று கத்தினார். வென்றார். அதற்குப் பிறகு பத்து வருடமும் எதைக் கேட்டாலும் முதல் ஆளாக ‘யா’தான். வீட்டுக்கு வந்தால் வெட்கமாக இருக்கும். பந்தியில் முதல் ஆளாக இலையை நீட்டியவர் மாதிரி இருக்கிறது என்று தவமலரிடம் புலம்புவார்.

அவருடைய அரசியல் வாழ்வின் பெரிய சாதனை ஒரு வாங்கில், ஆட்கள் வரிசையாக இருக்கிற நீள இருக்கை. ட்ராம் தரிப்பிடத்தில் இருந்த பழைய நீட்டு மரவாங்கிலை எடுத்துவிட்டு, ஆளுக்கொன்றாக இரும்பு இருக்கை போட சபை நினைத்தது. குலவீரசிங்கம் எழுந்தார். இரும்பில் தனித்தனியாகத்தான் இருக்க ஏலும், வாங்கில் என்றால் பக்கத்தில் இருக்கிறவர் கொஞ்சம் நகர்ந்து இடம்விட வேண்டும், நகரும்போது ஒரு சொல் கதைக்க வேண்டும் என்று இருபது நிமிடம் பேசினார். ஒரு வாக்கால் வாங்கில் தப்பியது. உள்ளூர்ப் பத்திரிகையில் வாங்கிலின் படம் வந்தது. அவருடைய முழங்காலும் கொஞ்சம் வந்தது.

அறுபத்தைந்து வயதில், பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத் தவமலரோடு ஊருக்குத் திரும்பினார். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்தபோது இந்த நாட்டுக் குடியுரிமை போய்விட்டது. இங்கே பிரதேசசபைக்கு நிற்பது இருக்கட்டும், வாக்குப் போடவே ஏலாது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது சனசமூக நிலையத்தின் சுவரில் இருந்தது.

அந்தச் சுவரில் இரண்டு பலகை. கிழக்குப் பக்கம் கறுப்பு மரப்பலகை, தலைவர்கள். அதில் நாலாவது பெயர் அப்பாவுடையது, வெறும் பெயர்தான். மேற்குப் பக்கம் பளபளவென்று மாபிள் கல், போஷகர்கள். வெளிநாட்டில் இருந்து உதவி செய்தவர்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடு. (பிரான்ஸ்), (கனடா), (சுவிஸ்). குலவீரசிங்கம் பேப்பர் வாசிக்கப் போகிற நேரமெல்லாம் கிழக்குப் பக்கம் பார்த்துத்தான் இருப்பார். மற்றக் கல்லைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். தன் பெயர் அப்பாவின் பெயருக்குக் கீழே, வாலில்லாமல் வரவேண்டும். அப்படி வந்தால், தான் ஊரைவிட்டுப் போகவே இல்லை என்று ஆகிவிடும் என்று அவர் மனதார நம்பினார். பாவம் மனிதர்.

தலைவர் இளையதம்பிக்கு எண்பத்துநாலு வயது, முழங்கால் விட்டுவிட்டது, இந்த வருடம் இறங்கப்போகிறார். பள்ளிக்கூடக் கூட்டாளி முருகேசு தானாகவே வந்து, “மச்சான், உன்ரை பேரை நான் சொல்லுறன்” என்றான். குலவீரசிங்கம் மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

“ஐயையோ, எனக்கு வேண்டாம்.” கையை ஆட்டிப் பார்த்தார். “எனக்கு வயசு போட்டுது.” கையைக் கூப்பிப் பார்த்தார். வயதைப் பொறுத்தவரை இவர் சொல்வது அப்பா சொன்னதைவிட உண்மை. நாலாந்தரத்துக்கான பெருமூச்சு மட்டும் சரிவரவில்லை, கொட்டாவி போல வந்தது.

தவமலர் கதவடியில் நின்று பார்த்தாள். “இஞ்சாருங்கோ, விருப்பமெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோவன்.”

“உமக்கு விளங்காது. பத்து வருசமா நான் வெக்கமில்லாமல் யா, யா எண்டு கத்தினனான். ஒருக்காலெண்டாலும் என்னைப் பிடிச்சு வைச்சு வற்புறுத்த வேணும். சொந்த ஆக்களைத்தான் அப்பிடி வற்புறுத்துவினம்.”

“முதல் வேண்டாமோட விட்டிட்டினமெண்டால்?”

“இது வியன்னாவே? இது புளியங்கூடல்!”

ஒன்றை மட்டும் அவர் மறந்துபோனார். வந்த நாளில் இருந்து, அந்தப் பூக்கடைக்காரியின் கதையை ஊரில் ஒரு வீடு விடாமல் சொன்னவர் அவரேதான். தேநீர்க்கடையில் சொன்னார், கோயில் வீதியில் சொன்னார், சவரக்கடையில் பாதி முகத்துச் சோப்போடும் சொன்னார். ஒவ்வொரு முறையும் கடைசியில், “அங்கத்தை ஆக்களுக்கு வேண்டாமெண்டால் வேண்டாம்தான், பேந்து கேக்கமாட்டாங்கள்!” என்று தொடையில் தட்டுவார். ஊர் சிரித்தது. சிரித்ததோடு, மனதில் பதிந்தும் வைத்துக்கொண்டது.

ஞாயிறு பின்னேரம் பொதுக்கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. குலவீரசிங்கம் மடிப்புக் கலையாத வேட்டியும் சால்வையுமாய் இரண்டாம் வரிசையில் இருந்தார். ஏற்புரை சட்டைப்பைக்குள் இருந்தது. முருகேசு எழும்பி முன்மொழிந்தான், பின்னால் ஒருவர் வழிமொழிந்தார்.

குலவீரசிங்கம் எழுந்தார். கை ஆடியது, சிரிப்பு வந்தது, எல்லாம் கண்ணாடியில் பார்த்தபடியே. “ஐயையோ, எனக்கு வேண்டாம். வேற ஆளைப் போடுங்கோ.” உட்கார்ந்து, சால்வையைச் சரிசெய்து, இரண்டாவதுக்குத் தயாரானார்.

“சரி,” என்றார் இளையதம்பி. “அவருக்கு விருப்பமில்லை. எழுது பிள்ளை.”

செயலாளர் கோபிகா ‘மறுத்தார்’ என்று எழுதிக் கீழே கோடும் இழுத்துவிட்டாள்.

குலவீரசிங்கம் பாதி எழும்பினார். “இல்லை, நான் என்ன சொன்னனான் எண்டால்...”

“விளங்குது தம்பி. உங்கடை பழக்கம் எங்களுக்குத் தெரியாதே? வேண்டாமெண்டால் வேண்டாம்தான். நாங்கள் உம்மை அரியண்டப்படுத்தமாட்டம்.” இளையதம்பி அதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். முருகேசுவும், எப்படி உன்ரை மானத்தைக் காப்பாற்றினோம் பார் என்பது போலத் தலையாட்டினான். குலவீரசிங்கம் இருந்துவிட்டார். வேறென்ன செய்ய ஏலும்?

அடுத்தது கமலாதேவியின் பெயர். இளைப்பாறிய மருத்துவமாது, குலவீரசிங்கத்தோடு ஒரே வகுப்பில் படித்தவர். அந்த மண்டபத்தில் இருந்த பாதிப்பேரை உலகத்துக்கு இழுத்து எடுத்தவர் அவர்தான். “என்னை விடுங்கோ” என்றார். சனம் விடவில்லை. வயது போட்டுது என்றார், கூ என்றார்கள். வேறொருவருடைய பெயரைச் சொன்னார், அந்த ஆளே எழும்பி, “அக்காவை விட்டால் வேற ஆர்?” என்றார். கமலாதேவி எழும்பிப் படலைவரைக்கும் நடந்தார். இரண்டு பெண்கள் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். முழுதாய்ப் பத்து நிமிடம். பிறகு ஒரு பெருமூச்சு. என்ன வடிவான பெருமூச்சு! ஒரு துளியும் கொட்டாவி இல்லை. குலவீரசிங்கம் சட்டைப்பைக்குள் இருந்த ஏற்புரையைத் தடவிப் பார்த்தார்.

கைதட்டல் அடங்கியதும் கோபிகா, “போஷகராய் குலவீரசிங்கம் ஐயாவைப் போடுவம்” என்றாள்.

மேற்குப் பக்கத்துக் கல் பளபளத்தது.

“வேண்டாம்” என்றார் குலவீரசிங்கம். இது கண்ணாடியில் பழகாத வேண்டாம்.

“உது சொல்லப்படாது!” மண்டபம் ஒரேயடியாய் எழும்பியது. போஷகர் பதவி என்றால் வெளிநாட்டுக்காரர் எவரையும் விடாமல் கேட்பது ஊரின் பழக்கம், அதில் வியன்னாவின் பழக்கம் செல்லாது. “நீங்கள் இல்லாட்டி ஆர்?” “ஒஸ்ரியாக் குலம் வாழ்க!” முருகேசு கதிரையில் ஏறி நின்றே கத்தினான். அவர் கனவு கண்ட குரல்கள் எல்லாம் அச்சொட்டாய் வந்தன.

“வேண்டாமெண்டு சொல்லுறன்!”

“விடமாட்டம்!”

“எனக்கு உண்மையா வேண்டாம்!” அவருடைய குரல் உடைந்தது. “எனக்கு உந்தக் கல்லு வேண்டாம். எனக்கு அந்தக் கறுப்புப் பலகைதான் வேணும். அப்பாவுக்குக் கீழ.”

மண்டபம் அடங்கிப்போனது. கமலாதேவி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அவரைப் பார்த்தார்.

“அப்ப ஏன் காணும் வேண்டாமெண்டனீர்?”

“நீங்கள் பேந்தும் கேப்பியள் எண்டு.”

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். “அட கோதாரி” என்று இளையதம்பி தலையில் கைவைத்தார். முருகேசு மெதுவாய்க் கதிரையால் இறங்கினான். மகளிர் பக்கத்தில் தவமலர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

“பதவியைத் தருவன் எண்டு நினையாதையும்,” என்றார் கமலாதேவி. “நானும் பத்து நிமிசம் மூச்சு வாங்க வாங்க மறுத்துத்தான் எடுத்தனான். வாற வருசம் வாரும். வந்து வேண்டாமெண்டு சொல்லும். எத்தினை தரம் சொன்னாலும் இந்தச் சனத்தை வைச்சு நான் வற்புறுத்துவன்.”

குலவீரசிங்கம் தலை குனிந்தபடி இருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

“இப்ப போஷகர்,” என்றார் கமலாதேவி. “எழுது பிள்ளை.”

கோபிகா எழுதினாள். “அடைப்புக்குறிக்குள்ள ஒஸ்ரியா எண்டுதானே, அன்ரி?”

கமலாதேவி கிழக்குச் சுவரை ஒருதரம் பார்த்தார், மேற்குச் சுவரை ஒருதரம் பார்த்தார்.

“புளியங்கூடல் எண்டு போடு.”

“அன்ரி, கல்லே புளியங்கூடலிலதானே இருக்குது? பாக்கிற ஆக்கள் சிரிக்கமாட்டினமே?”

“சிரிச்சிட்டுப் போகட்டும், நீ போடு.” புதுத் தலைவர் குலவீரசிங்கத்தின் பக்கம் திரும்பினார். “என்ன காணும், குலம், உமக்கு அது சம்...”

கேள்வி முடிய முன்னரே, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, குலவீரசிங்கம் “ஓம்!” என்று கத்தினார்.